தலைக்கட்டு வரியிலிருந்து மெயின்டனன்ஸ் வரை: மேடைக்கு யார் பணம் கொடுத்தார்கள்?



வரும் பொதுக்குழுவுக்கான நிகழ்ச்சி நிரலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஐந்தாவது பொருள் "கலை நிகழ்ச்சிகளுக்கான செலவு, மாற்று ஏற்பாடு" என்று இருக்கிறது. பொங்கல், சுதந்திர தினம், நவராத்திரி, புத்தாண்டு ஆகிய நான்கையும் இனி அசோசியேஷன் பணத்தில் நடத்தாமல், ஸ்பான்சர் பிடித்து ஒரு ஈவென்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப் குரூப்பில் இதுபற்றி நிறையப் பேசியாகிவிட்டது. "டிவியில் இல்லாததா இங்கே வந்துவிடப் போகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "தண்ணீர் லாரிக்கே பணம் பத்தவில்லை, இதில் கூத்து வேறா?" என்றார் இன்னொருவர். இரண்டுமே தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

நான் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். எதைப் பார்த்தாலும் பணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேடுவது என் வழக்கம். நம் ஊரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிகளின் வரலாற்றையும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். பாட்டு யார் பாடினார்கள், வேஷம் யார் கட்டினார்கள் என்பதை எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். ஜமக்காளத்துக்கும் விளக்குக்கும் யார் பணம் கொடுத்தார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

"தலைக்கட்டு வரி" என்ற சொல்லை உங்களில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். திருமணமாகித் தனிக் குடித்தனம் வைத்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. ஊர்த் திருவிழா வந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள். பணக்காரர் அதற்கு மேல் விரும்பினால் கொடுக்கலாம். ஆனால் வரி எல்லோருக்கும் ஒன்றுதான். சாமி புறப்பாடு, வாணவேடிக்கை, நாதஸ்வரம், கூத்து எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடந்தன.

வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று தெரியும். விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், வேலூர் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை ஒருவர் விரிவாகச் சொல்லுவார். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து தொடங்கி விடியும்வரை நடக்கும். பகலில் கதையாகக் கேட்டதையே இரவில் ஆட்டமாகப் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர் உயரமான மரத்தின் மேல் ஏறிப் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் கீழே வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அதை முந்தானையில் ஏந்துவார்கள். கடைசி நாள் படுகளத்தில் களிமண்ணால் செய்த துரியோதனன் பிரம்மாண்டமாகப் படுத்திருப்பான். கூத்து நடிகர்கள் அந்த உருவத்தின் மேல் ஏறிச் சண்டை போடுவார்கள். மாலையில் தீமிதி.

இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது. வரி கட்டிய வீட்டார் பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளையும் மாப்பிள்ளையையும் அந்த வாரம் வரவழைப்பார்கள். குழந்தைகள் பாதியில் தூங்கிவிடும். கட்டியங்காரன் வந்து கேலி பேசும்போது யாராவது தட்டி எழுப்புவார்கள். நடுவில் யாராவது பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால் கட்டியங்காரன் அவர் பெயரை மேடையிலேயே சொல்லி வாழ்த்துவார். இன்று நாம் ஸ்பான்சர் அறிவிப்பு என்கிறோமே, அது அன்றும் இருந்தது. ஆனால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். துரியோதனன் காத்துக்கொண்டிருப்பான் அல்லவா?

பங்குனிக்கு மேல் ஏன் என்று கேட்டால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அறுவடை முடிந்து கையில் பணமும் நேரமும் இருக்கும் காலம் அது. வருமானம் எப்போது வருகிறதோ அப்போதுதான் வரி. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் தலைக்கட்டு வரியைப் புகழ்ந்துவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது சரியான கணக்கு ஆகாது. யாரிடம் வரி வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் விழாவில் உரிமை. பல ஊர்களில் ஒதுக்கப்பட்ட தெருக்காரர்களிடம் வரியே வாங்க மாட்டார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். உண்மையில் அது "நீ இந்த ஊர்க் கணக்கில் இல்லை" என்று சொல்வதுதான். "எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்று கேட்டுப் போராடியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வரி போடாதே என்று போராடுகிறவர்களை நமக்குத் தெரியும். வரி வாங்கு என்று போராட வேண்டியிருந்ததென்றால், அந்தச் சில ரூபாயில் எவ்வளவு மரியாதை அடங்கியிருந்தது என்று பாருங்கள்.

அடுத்து வந்தது டிக்கெட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடத் தொடங்கின. பிறகு சிறுவர்களையே நடிகர்களாக வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள் வந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் ஆரம்பித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றில் புகழ்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே.

காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்பது பெரிய மாற்றம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று பிரிவு உண்டு. ஆனால் அந்தப் பிரிவு பையில் இருக்கும் காசைப் பொறுத்தது. இந்த ஏற்பாட்டில் கஷ்டம் முழுவதும் கம்பெனிக்காரர் தலையில் விழுந்தது. நிலையான செலவு, நிச்சயமில்லாத வரவு. பி.காம். முதல் வருடத்திலேயே இது ஆபத்து என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாடகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தனை பிள்ளைகளுக்கும் மூன்று வேளை சோறு போட வேண்டும். ஒரு வாரம் மழை பெய்தால் கொட்டகை காலி. அந்தக் கால நாடகக்காரர்களின் தன்வரலாறுகளைப் படித்தால் வசூல் இல்லாத ஊரும், அடகுக்குப் போன சாமான்களும் வந்துகொண்டே இருக்கும். 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' பேசும்படமாக வந்தது. அதன் பிறகு பல நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகளாயின. சினிமாவுக்குச் சோறு போட வேண்டாம், பெட்டியில் வந்து பெட்டியில் போய்விடும்.

மூன்றாவது வழியைச் சென்னை கண்டுபிடித்தது. என் கணக்கில் நம் ஊரின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் இது ஒன்று: சபா.

1891-ல் பம்மல் சம்பந்த முதலியாருக்குப் பதினெட்டு வயது. பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்க்கிறார். மேடையில் நடித்தவர்கள் படித்த, நல்ல வேலையில் இருக்கும் மனிதர்கள் என்பது அவரை உலுக்கிவிடுகிறது. நாடகக்காரன் என்றால் கூத்தாடி என்று முகம் சுளித்த காலம் அது. சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டில் சுகுணவிலாச சபையை ஆரம்பித்தார். உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள், அவர்களே நடித்தார்கள். பின்னாளில் சம்பந்த முதலியார் சென்னை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார். அப்போதும் நாடகத்தை விடவில்லை. தீரர் சத்தியமூர்த்தி கூட அந்தச் சபையின் மேடையில் வேஷம் கட்டியிருக்கிறார். நீதிபதியும் வக்கீலும் ஏறிய மேடைக்கு மனைவி மக்களை அழைத்து வருவதில் யாருக்கும் தயக்கம் இருக்க முடியாது. குடும்பத்தோடு நாடகம் பார்ப்பது கௌரவமான விஷயமானதில் அந்தச் சந்தாக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சங்கீதத்திலும் இதே கதைதான். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லிருந்து இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதோடு ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாநாடு வைத்ததால்தான் சென்னைக்கு ஒரு டிசம்பர் சீசன் கிடைத்தது. பிறகு தமிழில் பாடுங்கள் என்ற இயக்கம் எழுந்து 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அதற்கு ராஜா அண்ணாமலை செட்டியார் முன்னின்றார்.

சபாக்களின் வரிசையைப் பார்த்தால் நகரம் வளர்ந்த வழியே தெரிகிறது. முதலில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர். பிறகு தியாகராய நகரில் வீடுகள் பெருகியதும் நடிகர் சித்தூர் நாகையா முன்னின்று உருவாக்கிய வாணி மகால். 1953-ல் கிருஷ்ண கான சபா. 1958-ல் நாரத கான சபா. பிறகு மாம்பலம், நங்கநல்லூர் என்று போய்க்கொண்டே இருந்தது. புதிதாகக் குடியேறியவர்கள் ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கோயில் என்று தேடிய பிறகு அடுத்ததாக ஒரு சபாவைத் தேடினார்கள். இல்லையென்றால் ஆரம்பித்தார்கள்.

சபாவின் கணக்கு எளிமையானது. உறுப்பினர் மாதா மாதமோ வருடத்துக்கு ஒருமுறையோ சந்தா கட்டுவார். பெரும்பாலும் ஒரு கார்டுக்கு இரண்டு பேர் வரலாம். மடியில் உட்காரும் பிள்ளைகளை யாரும் எண்ண மாட்டார்கள். என் மகள் ஆறு வயது வரை மடியில் உட்காரும் பிள்ளையாகவே இருந்தாள். மாதத்துக்கு ஒரு நாடகம், ஒரு கச்சேரி, சில மாதம் நாட்டியம் அல்லது வில்லுப்பாட்டு. சபா முன்பணமாக வாங்கிய சந்தாவை வைத்து நாடகக் குழுவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடும். மழை பெய்தாலும் குழுவுக்குப் பணம் உண்டு. ஒரே நாடகம் சபா சபாவாகச் சுற்றி நூறாவது முறை மேடையேறும். பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் பட்ட கஷ்டத்துக்கு இதுதான் மருந்து. கிராமத்து வரி அறுவடையை ஒட்டி வந்தது என்றேன் அல்லவா? சபா சந்தா சம்பள நாளை ஒட்டி வந்தது. மாதச் சம்பளக்காரர்களின் தலைக்கட்டு வரி அது.

மேடையில் இருந்தவர்களும் மாதச் சம்பளக்காரர்களே. கே.பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாகேஷ் ரயில்வேயில் இருந்தவர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தார். சோ வக்கீல். கிரேஸி மோகன் என்ஜினீயர். 1952-ல் ஒய்.ஜி.பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்று ஒவ்வொரு குழுவும் ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்கு ஓடியவர்களால் ஆனது. எங்கள் கிளையிலேயே இப்படி ஒரு நடிகர் இருந்தார். கேஷ் டேலி ஆகாத நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கதாநாயகியின் அப்பா அங்கே காத்திருக்கிறார், இவர் இங்கே ஒரு ஐம்பது ரூபாயைத் தேடிக்கொண்டிருப்பார். நாங்களும் சேர்ந்து தேடுவோம், எங்களுக்கும் ஆறரை மணிக்கு நாடகம் பார்க்க வேண்டுமே!

சபா நாடகம் என்றால் வெறும் துணுக்குத் தோரணம் என்று சொல்பவர்கள் உண்டு. சில நாடகங்கள் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' எல்லாம் சினிமாவாவதற்கு முன் மேடையில் நின்றவை. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968-ல் மேடையேறியபோது ஆட்சியில் இருந்தவர்களையும் எதிர்த்தவர்களையும் சேர்த்தே கிண்டல் செய்தது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' ஒரு வறண்ட கிராமத்தின் தாகத்தை நகரத்துச் சபாக்காரர்களின் முன்னால் கொண்டுவந்து வைத்தது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு இன்றைக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிப்பார்கள். சில சமயம் வேறு வேறு இடத்தில் சிரிப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைப்பற்றிய விவாதம் நடக்கும். நாடகத்தைவிட அந்த பஸ் பயணம் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

சபாவையும் ஒரேயடியாகத் தூக்கிவைக்க மாட்டேன். கார்டு இருப்பவருக்கே கதவு திறக்கும். யாரிடம் கார்டு இருந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே வகையான தெருக்கள், ஒரே வகையான வீடுகள். சபாவின் வாசலில் ரிக்‌ஷா ஓட்டியவர் உள்ளே வந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. 2015-ல் டி.எம்.கிருஷ்ணா போன்றவர்கள் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர்கள் வாழும் இடத்திலேயே மேடை போட்டு விழா நடத்தியது இந்தக் குறையைக் கண்டுதான். அதை வரவேற்றவர்களும் உண்டு, பொரிந்து தள்ளியவர்களும் உண்டு.

பிறகு டிவி. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமானது. முதல் சில வருடங்கள் தெருவுக்கு ஒரு பெட்டி என்பதால் பக்கத்து வீட்டு ஜன்னலில் கூட்டமாக நின்று 'ஒளியும் ஒலியும்' பார்த்தார்கள். அதுவும் ஒரு வகையில் சபாதான். வீட்டுக்கு வீடு பெட்டி வந்ததும் அது மாறியது. 1987-ல் ராமாயணம் தொடர் வந்தபோது ஞாயிறு காலையில் தெருவில் ஆளே இருக்காது. 1993-ல் சன் டிவி. மேடையில் நடித்தவர்களே டிவிக்குப் போனார்கள், பார்ப்பவர்களும் கூடவே போய்விட்டார்கள். சபாக் கார்டைப் புதுப்பித்தவர்கள்கூட நேரில் வருவதைக் குறைத்தார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கவும் இல்லை.

சபாக்கள் மூடிவிடவில்லை. டிசம்பர் சீசன் முன்பைவிடப் பெரிதாகவே நடக்கிறது. 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் பணம் வரும் பக்கம் மாறிவிட்டது. சந்தாவின் இடத்தை விளம்பரதாரர் பிடித்துக்கொண்டார். பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். இலவசம் என்றால் கூட்டம் வர வேண்டுமே? வாத்தியக்காரர்களையும் சேர்த்து எண்ணினால்தான் இருபது பேர் தேறும் கச்சேரிகளில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அதே நேரம் கேன்டீனில் இடம் கிடைக்காது, அங்கே காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

"இலவசமாக நடத்தினாலும் கூட்டம் வருமே, சென்னை சங்கமம் பார்க்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் பூங்காக்களிலும் தெருக்களிலும் கரகம், ஒயில், பறை, தப்பாட்டம் எல்லாம் நடந்தன. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், மாலை நேரத்தில், சாப்பாட்டுக் கடைகளோடு நடந்தது. சபா வாசல் மிதிக்காதவர்களும் அங்கே நின்று பார்த்தார்கள். நம் மக்களுக்கு நேரில் பார்க்கும் ஆசை போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு அது சரியான பதில். ஆனால் 2011-ல் ஆட்சி மாறியதும் அது நின்றுபோனது. மறுபடி 2023 பொங்கலுக்குத்தான் வந்தது. நடுவில் பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. முதல் வருடம் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தை கல்லூரியில் சேரும் வயதுக்கு வந்துவிட்டது. செலவு செய்பவர் வேறு யாரோ என்றால், நிறுத்துவதும் அவர் கையில்தான் இருக்கும்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் பிடித்தோம், நினைவிருக்கும். மனை விற்கும் ஒரு நிறுவனம். வந்தவர் மைக்கைப் பிடித்து முப்பத்தைந்து நிமிடம் மனைப்பிரிவின் சிறப்புகளைச் சொன்னார். மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் ஒப்பனையோடு காத்திருந்தார்கள். பாரதியார் வேஷம் போட்ட குழந்தை மீசையோடு தூங்கியே போய்விட்டது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதனால் கடைசி இரண்டு நடனங்களை ரத்து செய்தோம். ஒன்றரை மாதம் பயிற்சி செய்த சிறுமிகள் அவர்கள். அவர்களுடைய பாட்டி திருச்சியிலிருந்து வந்திருந்தார். அந்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பணம் கொடுத்தவர் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டார். நாம் பணம் கொடுக்கவில்லை, நமக்கு வேண்டியது கிடைக்கவில்லை.

ஐந்தாவது பொருளுக்கு என் மாற்றுத் திருத்தம் இதுதான். மெயின்டனன்ஸோடு கலக்காமல், வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் "கலை நிதி" என்று தனிக் கணக்கில் வாங்குவோம். நம்மிடம் 96 வீடுகள். வருடத்துக்கு 1,15,200 ரூபாய் வரும். தண்ணீர் லாரிப் பணத்தில் ஒரு பைசா தொட வேண்டியதில்லை. கணக்கை நான் சம்பளமில்லாமல் எழுதித் தருகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இதழிலேயே வெளியிடலாம். இந்தத் தொகையில் ஆடம்பரம் முடியாது. ஆனால் வெளியிலிருந்து வருடத்துக்கு இரண்டு குழுக்களை மரியாதையாக அழைத்து, பேசிய பணத்தை அன்றே கையில் கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன். ஒன்று அமெச்சூர் நாடகக் குழு. அப்படிப்பட்ட குழுக்கள் இன்னும் இருக்கின்றன, மேடைதான் அவர்களுக்குக் குறைவு. இன்னொன்று தெருக்கூத்து அல்லது வில்லுப்பாட்டு. விடிய விடிய நடத்த முடியாது, இரண்டு மணி நேரமாகச் சுருக்கி ஆடக் கேட்டுக்கொள்ளலாம். கட்டியங்காரனை மட்டும் சுருக்க வேண்டாம். மற்ற நாட்கள் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும். 'சி' பிளாக்கில் ஒரு மிருதங்கக்காரர் இருக்கிறார் என்று சென்ற மாதம்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு வருடமாக ஒரே லிஃப்டில் போய்வந்திருக்கிறோம்.

இதில் விட்டுக்கொடுக்க முடியாதவை என்று நான் நினைப்பவை இரண்டு. முதலாவது, நிதியைக் குடியிருப்பவரிடம் வாங்க வேண்டும், வீட்டு உரிமையாளரிடம் அல்ல. இங்கே ஏறக்குறைய பாதி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் வசிக்கிறார்கள். அவர்கள் பொதுக்குழுவில் பேச முடியாது, விழாவில் மட்டும் கைதட்டலாம் என்ற நிலை சரியில்லை. பணம் வாங்கினால் என்ன நிகழ்ச்சி வேண்டும் என்று சொல்லும் உரிமையும் கொடுத்தாக வேண்டும். தலைக்கட்டுக் கணக்கில் அவர்களையும் சேருங்கள்.

இரண்டாவது, நம் செக்யூரிட்டிகள், வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள், தோட்டக்காரர் ஆகியோரின் குடும்பங்களுக்கு முதல் வரிசைகளிலேயே நாற்காலி போட வேண்டும். அவர்களிடம் நூறு ரூபாய் கேட்க வேண்டியதில்லை. விரும்பிக் கொடுத்தால் வாங்கி ரசீது போட வேண்டும். இப்போது அவர்கள் ஜெனரேட்டர் அறைப் பக்கம் நின்றபடி பார்க்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் இருவர் பள்ளியில் சிலம்பம் கற்கிறார்களாம். மேடையில் ஏற்றிப் பார்ப்போமே.

நாற்காலிகளை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக ஐம்பது வாங்கிவிடுவதா என்பதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும். என் விலை விசாரிப்பில் இரண்டாவது வழியே லாபம், பட்டியலைச் செக்ரட்டரியிடம் கொடுத்திருக்கிறேன். திருத்தத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பொதுக்குழுவுக்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகப் பெட்டியில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினால் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறாது.